அர்ச். மார்த்தீன் மேற்றிராணியார்
(திருநாள்: நவம்பர் 11)



அர்ச்சியசிஷ்டவர்கள் மரித்த நாளையே திருச்சபை வழக்கமாய் அவர்களுடைய திருநாளாகக் கொண்டாடுகிறது. அர்ச். மார்த்தீனோ 397-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, பிராஞ்சு தேசத்தில் காந்த் என்னும் ஊரில் மரித்தார். அவரைத் தமது மேற்றிராசனமாகிய தூர் நகரில் அடக்கஞ் செய்தது 11-ந் தேதி. அந்த நாளே திருநாளாக நிலைத்தது. வேதசாட்சியாக இரத்தஞ் சிந்தாமலே பகிரங்க வணக்கம் பெற்றவர்களில் அவர் முதன்மையானவர்களில் ஒருவர்.

அவர் போர்ச்சேவகனாயிருந்தபோது, கடுங்குளிரில் அமியேன் பட்டண வாசலில் நின்ற ஏழைக்குத் தம் போர்வையை வாளால் வெட்டிப் பாதி கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள், "ஏன் சுவாமி, பாதிதானா?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். மற்றதையெல்லாம் அவர் முன்பே தானஞ் செய்துவிட்டார், மிஞ்சியது அதுவே. அப்போது அவர் ஞானஸ்நானங்கூடப் பெறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அவர் மனம் நொந்த கதையைச் சொல்வோர் குறைவு. பிரிசில்லியானுஸ் என்பவன் ஸ்பானிய தேசத்தில் பதிதப் போதகஞ் செய்தான். சில மேற்றிராணிமார் அவனை மக்சிமுஸ் இராயனிடம் குற்றஞ்சாட்டி வழக்காடினார்கள். பதிதனானாலும் அவன் இரத்தஞ் சிந்தக்கூடாதென்று மார்த்தீன் மன்றாடினார். இராயன் வாக்குக் கொடுத்தான். அவர் ஊர் திரும்பியபின் வாக்கு மீறினான். 385-ம் வருஷத்தில், திரியர் நகரில், பிரிசில்லியானுசும் தோழர் சிலரும் சிரச்சேதம் பண்ணப்பட்டார்கள்.

பழிக்கு உடந்தையான அந்த மேற்றிராணிமாரோடு ஐக்கியங்கொள்ள மார்த்தீன் மறுத்தார். அச்சமயம், ஸ்பானிய தேசத்தில் இன்னும் பலரைப் பிடித்துக் கொல்லப் படைத்தலைவர்களை அனுப்பியாயிற்று என்று கேள்விப்பட்டார். இராத்திரியோடு இராத்திரியாய் அரண்மனைக்கு ஓடினார். அவர்களைத் திரும்ப அழைத்தால் ஐக்கியத்துக்குச் சம்மதம் என்றார். இராயன் இணங்கினான். மறுநாள் அவர் அந்த மேற்றிராணிமாரோடு பலிபீடத்தண்டை நின்றார்.

அவர் வேறென்ன செய்திருக்கக் கூடும்? எனக்கும் தெரியவில்லை. உயிர்கள் தப்பின. ஆனாலும் ஊர் திரும்பும் வழியில், காட்டோரம் தனித்து உட்கார்ந்து துயரப்பட்டார் என்று அவருடைய சீஷரான சுல்பீசியுஸ் செவேருஸ் எழுதிவைத்திருக்கிறார். அன்று முதல் பேயோட்டும் வரம் தம்மிடம் குறைந்துபோயிற்றென்று அவரே கண்ணீரோடு சொல்லுவாராம். அதற்குப்பின் சாகுமட்டும் மேற்றிராணிமாரின் சங்கம் எதற்கும் அவர் போகவேயில்லை.