கூலி: சம்பளமா, ஆளா?

இந்த முறை நாம் பார்க்கப்போகும் ஆங்கிலச் சொல் 'கூலி'. ஆமாம், நம்ம கூலிதான்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் இண்டர்ன்ஷிப் முடித்துவிட்டுக் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். "வேலை எப்படிப்பா?" என்று தாத்தா கேட்டார். "கூலி மாதிரிதான் தாத்தா" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கப்பாவ அப்படித்தான்டா கூப்பிட்டாங்க" என்றார். அவர் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அன்று இரவே அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன்.

தமிழில் கூலி என்பது ஆள் இல்லை. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். திருக்குறளில் 619-ஆம் குறளைப் பாருங்கள். மெய் வருந்த முயன்றதற்குக் கிடைக்கும் பலனைத்தான் வள்ளுவர் கூலி என்கிறார். வேலை செய்பவர் கூலிக்காரர், கூலியாள். ஆங்கிலத்திலோ ஆளே 'கூலி' ஆகிவிட்டார்.

உடனே "இது தமிழ்ச் சொல்தான்" என்று வாட்ஸ்அப்பில் அடித்துச் சொல்லிவிடாதீங்க! 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி மூன்று மூலங்களைப் பேசுகிறது: குஜராத்தின் கோலி சமூகப் பெயர், தமிழ்க் கூலி, அடிமையைக் குறிக்கும் ஒரு துருக்கிச் சொல். அறிஞர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

மூலம் எதுவானாலும், பட்ட வலி நம்முடையது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் கேட்டது இரண்டு: கூலியும் வேண்டும், 'கூலி' என்று நடத்தவும் கூடாது. தமிழ்ச் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதில் இருக்கிறது.

மறுநாள் காலை தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுப்பா, அலவன்ஸ் ஒழுங்கா குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

நண்பர்களே, உழைத்த கூலியைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். ஆனால் விளையாட்டுக்குக்கூட யாரையும் 'கூலி' என்று கூப்பிடாதீங்க. உங்களையும்தான்.