காட்டுத்தீயின் பாதையில் ஒரு சிவப்புக் கோடு

2025 ஜனவரியில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அண்டிய மலைகளில் காட்டுத்தீ பரவியபோது, விமானங்கள் இளஞ்சிவப்புத் திரவமொன்றைக் கொட்டிச் சென்ற காட்சியை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது என்ன? உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் எனக்கு அதன் விடை பெரும் வியப்பைத் தந்தது. அதன் பிரதான பொருள் ஒரு பசளை!

"பொஸ்-செக்" எனப்படும் அத்திரவத்தில் பெரும் பகுதி நீர். மீதியில் முக்கியமானது அமோனியம் பொசுபேற்று. வயலுக்கு இடும் பசளைகளிலும் இது உண்டு. திரவம் எங்கே விழுந்தது என்பதை விமானி கண்டுகொள்வதற்காகவே நிறம் சேர்க்கிறார்கள்.

பெரும்பாலும் இதனைத் தீயின் மீதல்ல, தீ வரும் வழியிலுள்ள புல், மரங்களின் மீதே கொட்டுகிறார்கள். ஏன்? விறகு சூடாகும்போது அதன் செலுலோசு உடைந்து வாயுக்கள் வெளிவருகின்றன. அவை எரிவதையே நாம் சுவாலையாகக் காண்கிறோம். பொசுபேற்று படிந்த தாவரம் சூடாகும்போதோ பொசுபோரிக்கமிலம் உண்டாகி, செலுலோசிலுள்ள ஐதரசனையும் ஒட்சிசனையும் நீராக அகற்றுகிறது. எஞ்சுவது கரி. எரியக்கூடிய வாயு குறைவதால் தீயும் தளர்கிறது. சீனியில் செறிந்த சல்பூரிக்கமிலம் பட்டால் கருகிப் பொங்குமல்லவா? அதே நீரகற்றல்தான் இதுவும். ஆகவே திரவத்தின் நீர் உலர்ந்த பின்னரும் இது பயன் தரும்.

ஆனால் நிலத்தைக் காப்பது நீரைக் காப்பதில்லை. 2002இல் ஒரேகன் மாநிலத்தின் ஃபோல் ஆற்றில் தீத்தடுப்புத் திரவம் தவறி விழுந்ததில் 20,000க்கும் மேற்பட்ட மீன்கள் மாண்டன. நீரில் கலக்கும் அமோனியா மீன்களுக்கு நஞ்சு. பொசுபேற்றோ அல்காக்களைப் பெருக்கிவிடும். இதனால் நீர்நிலைகளிலிருந்து சுமார் 90 மீற்றருக்குள் இதனைக் கொட்டுவதை அமெரிக்க வனச் சேவை தவிர்க்கிறது. மனித உயிருக்கு ஆபத்து நேரும்போது மாத்திரம் விதிவிலக்குண்டு. 2023இல் மொன்டானாவின் சமஷ்டி நீதிமன்றம், அனுமதிப்பத்திரமின்றி நீர்நிலைகளில் இது விழுவது சட்டமீறல் எனத் தீர்ப்பளித்தது. எனினும் பாவனையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீடுகளும் உயிர்களும் ஆபத்துக்குள்ளாகும் என்பதை அது கருத்திற்கொண்டது.

அத்தீர்ப்பு நியாயமானதென்றே நான் கருதுகிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே இடம் மாறினாலும் நஞ்சுதான். தாக்கச் சமன்பாட்டை மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், அந்தப் பொருள் பின்னர் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் கேட்கப் பழகுவோம், சகோதரிகளே!