வகுப்பறையில் பேய்ப் படம் போடலாமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். தேர்வு முடிந்ததும் ஸ்மார்ட் வகுப்பறையில் ஒரு படம் போடுவது எங்கள் பள்ளி வழக்கம். இந்த முறை பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் பேய்ப் படம்தான் வேண்டும் என்கிறார்கள். “வீட்டில் டி.வி.யில் பார்க்காததா? இதெல்லாம் பொய், வெறும் மேக்கப் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள் டீச்சர்” என்கிறார் சக ஆசிரியர். ஆனால் கோடை விடுமுறையில் பேய்ப் படம் பார்த்துவிட்டு, இன்றுவரை தனியாகக் கழிப்பறைக்குப் போகாத பையன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். பேய் பொய் என்று அவனே என்னிடம் சொல்கிறான். ஆனாலும் போக மாட்டேன் என்கிறான். படம் போடலாமா, கூடாதா? பொய் என்று தெரிந்தும் அவனுக்கு ஏன் பயம் போகவில்லை?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போடலாமா, கூடாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பொய் என்று தெரிந்தும் ஏன் பயம் போகவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. அதற்கு விடை சொல்லிவிட்டால் மற்றது பாதி தீர்ந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் சக ஆசிரியர் நினைப்பதுபோலத்தான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். பயம் தவறான நம்பிக்கையிலிருந்து வருகிறது, நம்பிக்கையைத் திருத்தினால் பயமும் போய்விடும் என்று. அது உண்மையானால், பேயே இல்லை என்று அடித்துச் சொல்லும் பெரியவர் எவரும் தியேட்டரில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிடித்துக்கொள்கிறோமே! பேயாக நடிப்பவர் யார், அவர் இதற்கு முன் எந்தப் படத்தில் நகைச்சுவை செய்தார் என்பதுவரை தெரிந்திருந்தும், கதவுக்குப் பின்னாலிருந்து அந்த முகம் பாயும்போது உடம்பு தூக்கிப் போடுகிறது.

மூளைக்குள் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. பாதாம் பருப்பு அளவுதான். இரு பக்கமும் ஒவ்வொன்று. ஆபத்து வருகிறதா என்று காவல் காப்பது அதன் வேலை. திடீர்ச் சத்தம், பாய்ந்து வரும் உருவம், அலறும் முகம் என்று எதைக் கண்டாலும், அது உண்மையா பொய்யா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பை உசுப்பிவிடும். அட்ரினலின், அதாவது ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயாராக்கும் சுரப்பு, ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பிறகுதான் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, நிதானமாக எடைபோட்டுப் பார்க்கும் பகுதி, “சும்மா இரு, இது சினிமா” என்று அடக்குகிறது. இந்த முன்மூளை முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து, பதினொன்று வயது. அவர்களிடம் பயப்படும் பகுதி முழு வேகத்தில் இயங்குகிறது. அதை அடக்கும் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. “பொய்” என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது பகுதியிடம்தான். முதலாவதற்குப் பேச்சு எட்டுவதில்லை.

பயத்தோடு சேர்ந்து பதியும் நினைவு எளிதில் அழியாது என்பதையும் சொல்ல வேண்டும். கதை மறந்துபோகும், காட்சி நடந்த இடம் மறக்காது. ஒடுக்கமான அறை, மங்கிய விளக்கு, சொட்டும் குழாய் என்று படத்தில் பார்த்தது போன்ற ஓர் இடத்தில் தனியாக நிற்கும்போது உடம்பு பழையபடி உசும்புகிறது. உங்கள் மாணவன் பொய் சொல்லவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அவனுக்குத் தெரியும், அவன் உடம்புக்குத் தெரியாது. குழந்தைகளின் சினிமாப் பயத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேன்டர். அவரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் படமோ தொலைக்காட்சியோ பார்த்து அது முடிந்த பிறகும் நீடித்த பயம் உண்டா என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் உண்டு என்றார்கள். சுமார் நான்கில் ஒருவருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அன்றும் இருந்தது. இவர்கள் வளர்ந்து கல்லூரிக்கு வந்துவிட்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எது பயமுறுத்தும் என்பது வயதுக்கு வயது மாறும். இதைக் கேன்டரும் க்ளென் ஸ்பார்க்ஸும் 1986-இல் அழகாகக் காட்டினார்கள். நல்ல மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிற அசுர உருவமாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றும் ‘ஹல்க்’ தொடரின் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், காப்பாற்ற வந்த ஹல்க்கைக் கண்டுதான் அதிகம் பயந்தார்கள். ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள் பயந்தது அதற்கு முன்பே, நாயகன் ஆபத்தில் மாட்டியபோது. ஹல்க் வந்ததும் அவர்களுக்கு நிம்மதி. சின்னக் குழந்தைக்குத் தோற்றமே பயம். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, நமக்கும் நடக்கலாமே என்று தோன்றும் எதுவும் பயம்.

ஆகவே படத்தில் பேய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். சாப்ளினின் ‘தி கிட்’ (1921) எல்லோரும் சிரித்துப் பார்க்கும் படம். வளர்த்தவரிடமிருந்து சிறுவனைப் பிடுங்கி அநாதை இல்லத்து வண்டியில் ஏற்றும் காட்சி அதில் வருகிறது. தாயோ தந்தையோ இல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்கள் எந்தப் பேயையும்விடக் கனமானவை. அந்தப் படத்தைக் காட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது பிள்ளைகள் பார்க்க வேண்டிய படம். காட்டும்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

இப்போது “வீட்டில் பார்க்காததா?” என்ற வாதத்துக்கு வருகிறேன். ‘காஞ்சனா’வையும் ‘அரண்மனை’யையும் உங்கள் பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பார்கள்தான். எப்படிப் பார்த்தார்கள்? அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேய் வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்துபோய், பாட்டு வந்ததும் ஓடிவந்து. வேண்டாம் என்றால் வேறு சேனல். எவ்வளவு பயத்தை எப்போது எடுத்துக்கொள்வது என்பது ஓரளவு அந்தப் பிள்ளையின் கையிலேயே இருந்தது. வகுப்பறையில் அந்த வசதி எதுவும் இல்லை. ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிய அறை, சுற்றிலும் நாற்பது பேர், எழுந்து போக அனுமதி கேட்க வேண்டும். கண்ணை மூடினால் பக்கத்து பெஞ்சிலிருந்து “பயந்தாங்கொள்ளி” என்று குரல் வரும்; அந்தப் பெயர் வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடினாலும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறது. எந்தப் பிள்ளை பயந்தது என்று ஆசிரியருக்கே தெரியாமல் போய்விடும். பள்ளியில் என்னை உறுத்துவது படத்தைவிட, பயந்த பிள்ளைக்கு விலகிப்போக வழியில்லாத அந்த அறைதான்.

வீட்டுக்கும் வகுப்பறைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம் சட்டமும் நினைவூட்டுகிறது. ‘யு/ஏ’ சான்றிதழ் 1983-இல் வந்தது; பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும் என்பது அதன் பொருள். 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. தீர்மானம் இப்போதும் பெற்றோருடையதே. வகுப்பறையில் பெற்றோர் இல்லை. ‘யு/ஏ’ படம் ஒன்றை அங்கே போட்டால், நாற்பது வீட்டு முடிவை நீங்கள் ஒருவரே எடுத்ததாக ஆகும். முதல் நாளே படத்தின் பெயரைச் சொல்லி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நிகழ்வு உண்டு. 2023-இல் ஃபுளோரிடாவில் நான்காம் வகுப்புக்கு ‘வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி’ போடப்பட்டது. வின்னி த பூ குழந்தைகளின் செல்லக் கரடி; இந்தப் படத்திலோ அது மனிதர்களைக் கொல்கிறது. இருபது, முப்பது நிமிடம் ஓடிய பிறகே நிறுத்தினார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பெயரும் போஸ்டரும் எதையும் சொல்லிவிடாது. முழுப் படத்தையும், நீங்களே, முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் பயமே கூடாது என்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். பூச்சாண்டியும் முருங்கைமரத்து வேதாளமும் இல்லாத பிள்ளைப் பருவத்தை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பேய் வீட்டுக்குள் பணம் கொடுத்துப் போகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2020-இல் எழுதினார்கள். பயம் குறைவாக இருந்தால் சுவையில்லை, மிஞ்சினாலும் சுவையில்லை. நடுவில் ஓர் அளவில்தான் மகிழ்ச்சி உச்சத்தில் இருந்தது. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் வகுப்பிலோ நாற்பது அளவு இருக்கிறது. அதில் குறைந்ததை வைத்துப் படம் தேடுவதுதான் நியாயம்.

அப்படித் தேடினால் நம் பக்கத்திலேயே நல்ல படங்கள் கிடைக்கின்றன. அரவிந்தனின் மலையாளப் படம் ‘கும்மாட்டி’ (1979) என் முதல் தேர்வு. நம் பூச்சாண்டி போன்ற ஒரு கிழவர் ஊருக்கு வருகிறார். பிள்ளைகளை மிருகங்களாக மாற்றுகிறார். மற்றவர்கள் பழையபடி மாற, நாயாக மாறியவன் மட்டும் விடுபட்டுப்போகிறான். வயிற்றைக் கலக்கும் கதைதான். ஆனால் தூக்கிவாரிப் போடும் சத்தமோ முகத்தில் பாயும் உருவமோ இல்லை. பிரிந்த பையன் கடைசியில் வீடு சேர்கிறான். சத்யஜித் ராயின் ‘கூபி காயின் பாகா பாயின்’ (1969) படத்தில் பேய்களின் அரசன் பயமுறுத்துவதோடு நிற்காமல் வரமும் தருகிறான். அதில் பேய்கள் ஆடும் நீண்ட நடனத்துக்கு ராய் பயன்படுத்தியவை மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங். நம் கச்சேரி மேடைத் தாளத்துக்குப் பேய்கள் ஆடுவதைப் பார்த்தால் உங்கள் வகுப்பு பெஞ்சில் தாளம் போடத் தொடங்கிவிடும். இரண்டும் வேற்று மொழி. நடுநடுவே நீங்கள் கதை சொல்லலாம். அது ஒரு வகையில் நல்லது, உங்கள் குரல் கூடவே இருக்கும்.

போடும் அன்று முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பெல். பயம் உடம்பில் ஏற்றிய படபடப்பு, முடிவு நல்லபடியாக அமைந்தால் மகிழ்ச்சியாக மாறும். உளவியலாளர் டோல்ஃப் சில்மன் இதைக் கிளர்ச்சி மாற்றம் என்றார். முதல் உணர்ச்சியின் சூடு தணியாமல் அடுத்த உணர்ச்சிக்குள் போய்ச் சேர்வது என்று பொருள். பாதியில் பெல் அடித்து, “மீதி நாளைக்கு” என்று அனுப்பினால் இந்த மாற்றத்துக்கு வழியில்லை. படபடப்பை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரவு மீதிக் கதையை அவர்களே கற்பனை செய்வார்கள். அது படத்தைவிட மோசமாக இருக்கும். இரண்டு பீரியடுகளைச் சேர்த்து, கடைசிக் காட்சிவரை காட்டுங்கள். ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும், ஒலியைக் குறைத்து வையுங்கள். பார்க்க விருப்பமில்லாதவர்களுக்கு நூலகத்தில் வேறு வேலை கொடுங்கள். “பயப்படுபவர்கள் அங்கே போகலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், “இரண்டு இடம் இருக்கிறது, பிடித்த இடத்துக்குப் போங்கள்” என்றால் போதும். முடிந்ததும் பத்து நிமிடம் பேச விடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய சிறார் திரைப்படத் திட்டத்தில் படத்துக்குப் பிறகு கலந்துரையாடல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

கடைசியாக அந்தப் பையன். “பெரிய பையன், இதுக்கா பயம்?” என்ற பேச்சு வேண்டாம். அவன் உடம்புக்குத் தெரியாததைச் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். முதலில் ஒரு நண்பன் கழிப்பறை வாசல்வரை போகட்டும். சில நாளில் அந்த நண்பன் வராந்தாவிலேயே நிற்கட்டும். பிறகு வகுப்பு வாசலில். அவசரம் வேண்டாம். பேய் முகம் உண்டாகும் விதத்தை, முகத்தில் முதல் பூச்சிலிருந்து கடைசி வரை, கண்ணால் பார்ப்பதும் உதவும். அமெரிக்கக் குழந்தைகளுக்காக ஃப்ரெட் ராஜர்ஸ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹல்க் நடிகருக்குப் பச்சைச் சாயம் பூசுவதை அப்படித்தான் காட்டினார். கொஞ்சம் மாவும் கண்மையும் இருந்தால் உங்கள் மாணவன் உங்கள் முகத்திலேயே ஒரு பேயை வரையலாம். அவன் வீட்டாரிடம் தூக்கம், சாப்பாடு பற்றிக் கேளுங்கள். இரவில் அலறி எழுவதோ பள்ளிக்கு வர மறுப்பதோ இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டாம்; மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள், அல்லது ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.