மாதபாவில் அவசரப்படாதீர்கள்

ஜோர்டானுக்குத் திருப்பயணம் போகும் குழுக்கள் பெரும்பாலும் மாதபாவை நேபோ மலைக்குப் போகிற வழியில் ஒரு நிறுத்தமாகத்தான் வைத்திருக்கின்றன. புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குள் போய், தரையிலுள்ள மொசைக் வரைபடத்தைப் படமெடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஓர் இரவு அந்த ஊரிலேயே தங்குங்கள் என்பேன். விமான நிலையத்துக்கும் அம்மானைவிட மாதபாதான் பக்கம். காலையில் தேவாலயம் திறந்ததும் போய்விட்டால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், வழிபாடு நடக்கும்.

புனித நாட்டைக் காட்டும் வரைபடங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது, 6ஆம் நூற்றாண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய ஆலயம் இடிந்து கிடந்த இடத்தில் புதியதைக் கட்டும்போது வெளிச்சத்துக்கு வந்தது. இதில் மேலே இருப்பது வடக்கு அல்ல, கிழக்கு. அதனால் பலிபீடத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். அப்படி நின்றால் எருசலேமின் இடது முனை வாசலுக்குள் ஒற்றைத் தூண் தெரியும். அங்கிருந்து நகரின் குறுக்கே இருபுறமும் தூண் வரிசையோடு ஒரு நீளமான தெரு ஓடுகிறது. இந்தத் தெருவை எருசலேமில் பிறகு தோண்டியே கண்டெடுத்தார்கள். 542இல் அர்ப்பணிக்கப்பட்ட 'நேயா' ஆலயமும் படத்தில் இருக்கிறது. வரைபடம் அதற்குப் பிந்தியது என்று சொல்வதற்கு அதுவே ஆதாரம்.

பிறகு கண்ணை யோர்தான் நதிக்குக் கொண்டுபோங்கள். சவக்கடலை நெருங்கிய ஒரு மீன், உப்பு நீருக்குப் பயந்து வந்த வழியே திரும்பி நீந்துகிறது. எனக்கு இந்த வரைபடத்தில் மிகப் பிடித்தது அந்த மீன்தான். சற்றுத் தள்ளிச் சவக்கடலில் மிதக்கும் படகுகளைப் பாருங்கள். படகோட்டிகள் இருந்த இடத்தில் உருவம் கலைந்து வெறும் கற்கள்தான் தெரியும். 8ஆம் நூற்றாண்டில் உயிருள்ளவற்றின் உருவங்களை நீக்கியபோது நேர்ந்தது இது. நீக்கியவர்கள் தரையை உடைத்துப் போடவில்லை. கற்களைப் பெயர்த்து, அதே இடத்தில் கலைத்துப் பதித்திருக்கிறார்கள். தங்கள் ஆலயத் தரையைத் தொடர்ந்து புழங்க நினைத்தவர்களின் கைவேலை அது. கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும் என்பதால் சின்ன பைனாகுலர் ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்து, அதே ஊரிலுள்ள அப்போஸ்தலர் ஆலயம். மொசைக் தரையின் நடுவட்டத்தில், மீன்கள் சூழ நீரிலிருந்து எழும் கடல், ஒரு பெண் உருவமாக. ஆண்டு 578. மொசைக் கலைஞர் சலமானியோஸின் பெயரும் கல்லிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துக் கலைஞர்களில் இப்படிப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

நேரமிருந்தால் வாடகைக் கார் பிடித்து உம் அர்-ரசாஸ் போய் வாருங்கள். யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அங்குள்ள புனித ஸ்தேவான் ஆலயத்தின் மொசைக் தரை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாடு இஸ்லாமிய ஆட்சிக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும் இங்கே கிறிஸ்தவர்கள் ஆலயத்துக்குப் புதுத் தரை போட்டிருக்கிறார்கள். யோர்தானின் இரு கரை நகரங்களையும் பெயரெழுதி அதில் பதித்திருக்கிறார்கள்.