வேப்பிலையின் இரசாயனமும் கிருமியெதிர்ப்பு ஆற்றலும்

அம்மன் ஆலயத்திற்கும் வேப்பமரத்திற்கும் உள்ள தொடர்பு சைவ மக்கள் யாவரும் அறிந்ததே. வீட்டில் ஒருவருக்குக் கொப்புளிப்பான் கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவதும், படுக்கையில் இலை பரப்புவதும், இலை அவித்த நீரில் முழுகவார்ப்பதும் இன்றும் நிலவும் வழக்கங்கள். இவ்விலையில் அடங்கியுள்ளவை எவை, அவை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படா என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

வேம்பின் தாவரவியற் பெயர் அசடிரக்ரா இன்டிகா என்பதாகும். அதன் கசப்புக்குக் காரணமானவை லிமனொயிட்டுகள் எனப்படும் சேர்வைகள். 1942ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயனவியலாளர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புச் சேர்வைகளைப் பிரித்தெடுத்தார். இலையில் நிம்போலைட்டு என்னும் லிமனொயிட்டும், குவர்செற்றின் போன்ற பிளேவனொயிட்டுகளும் உள்ளன. பூச்சிகளைத் தடுக்கும் அசடிரக்ரின் பெருமளவில் வித்திலேயே உண்டு.

இலையின் ஆற்றலை ஆய்வுகூடத்தில் அறியும் முறை எளிது. உலர்ந்த இலைத்தூளை நீரிலோ அற்ககோலிலோ ஊறவைத்துச் சாறு எடுப்பர். ஏகர் கூழிட்ட தட்டிற் பற்றீரியாவைப் பரப்பி, சாறு தோய்த்த சிறு தாள்வட்டை அதன்மேல் வைப்பர். ஒருநாளின் பின் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் தோன்றினால், அங்கே பற்றீரியா வளரவில்லை என்பது பொருள். தோற்புண்களிற் சீழ் உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு இவ்வாறு தடுக்கப்படுவது பல பரிசோதனைகளிற் காணப்பட்டுள்ளது. லிமனொயிட்டுகள் நீரிலும் பார்க்க அற்ககோலில் நன்கு கரைவதால், அவித்த நீரில் அவை அதே அளவில் இருப்பதில்லை.

மேலும், கொப்புளிப்பானை உண்டாக்குவது வைரசு, பற்றீரியா அன்று. ஆகவே தட்டிற் காணும் வளையம், வேப்பிலை அந்நோயை மாற்றும் என்பதற்குச் சான்றாகாது. நகத்தாற் சொறியாமல் இலைக்கொத்தால் மெதுவாகத் தடவுவதில் ஒரு நன்மை உண்டு. கீறிய கொப்புளங்களிலேயே பற்றீரியா எளிதிற் தொற்றும்.

இலை வேறு, எண்ணெய் வேறு என்பதும் மனங்கொள்ளத்தக்கது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்கியதால் வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்ட சம்பவங்கள் 1981இல் மலேசியாவிலிருந்து மருத்துவ ஏட்டிற் பதிவாகின. உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. எனவே குழந்தைகளுக்கு அதனை உள்ளே கொடுத்தலாகாது. கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்தானது.

‘அம்மாள் வருத்தம்’ என்று வைத்தியரிடம் செல்லாதிருக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் இந்நோய் கண்டால், அல்லது எவருக்கேனும் மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வாசலில் வேப்பிலை செருகுவதும் வைத்தியரை நாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.