கண்டி வீதியில் ஒரு கேள்வி



உங்களுள் கண்டி வீதியாற் பிரயாணம் செய்யாதவர் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை 321 கிலோமீற்றர். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு என்று ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்போது விழிப்பதே நம்மிற் பலருடைய வழக்கம். நானும் அப்படிப் பிரயாணம் செய்தவன்தான். சென்ற ஆண்டு வெளிநாட்டு நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அதே வீதியாற் போனபோது, அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதைப் பற்றியதே இன்றைய பாடம்.

நண்பர் கனடா தேசத்துக் குருவானவர். மேற்படிப்புக் காலத்தில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர். சஸ்கச்சுவான் மாகாணத்தில் கோதுமை விளைவிக்கும் குடும்பத்திற் பிறந்தவர். சிறு வயதில் பூகோள பாடத்தில் 'பிறேரி' என்று மனனஞ் செய்தோமே, அந்தப் புல்வெளிச் சமநிலத்து மனிதர். இங்கு வந்து இரண்டாம் நாள், "இது என் ஊரைப் போலவே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் நிலத்தைத் தொடுகிறது" என்றார். மலை ஒன்றும் இல்லையா என்று கேட்டார். ஏன் இல்லை, கீரிமலை இருக்கிறதே என்று அழைத்துப்போய்க் காட்டினேன். கடலோரத்து மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, மலை எங்கே?" என்றார்! சுண்ணாம்புக் கல்லின்மேல் தட்டையாகக் கிடக்கும் நமது குடாநாட்டில் மலையுமில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறுமில்லை. ஆகவே கண்டிக்கு அழைத்துப்போகத் தீர்மானித்தேன்.

வானை ஓட்டியவர் கிளிநொச்சித் தம்பி ஒருவர். பன்னிரண்டு வருடங்களாக எங்கள் அலுவல்களுக்கு வந்து போகிறவர்.

ஆனையிறவைக் கடக்கும்போது வீதியின் கதையைச் சொன்னேன். 1990இல் மூடப்பட்டது, 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது, 2009க்குப் பின்னரே நிலையாகத் திறந்தது. இவையெல்லாம் நமக்கு மனப்பாடம். வன்னிக் குளங்களையும் வயல்களையும் பற்றி அவர் கேட்டவற்றுக்கும் ஒருவாறு பதில் சொன்னேன். வவுனியாவுக்கு அப்பால் மதவாச்சிச் சந்தியில் வலப்பக்கத்து வீதியைக் காட்டி, இது எங்கிருந்து வருகிறது என்றார். மன்னாரிலிருந்து வருகிறது, மடுத் திருநாளுக்குப் போகிறவர்கள் இவ்வழியாலும் போவார்கள் என்றேன். அவர் மடியிலிருந்த வரைபடத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, "இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்கள் இவ்வழியாகவே நடந்து மலைக்குப் போனார்களென்று வாசித்திருக்கிறேன். வழியிற் பலர் இறந்தார்களாமே, அவர்களுடைய கல்லறைகள் எங்கே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆங்கிலத்தை அரைகுறையாக விளங்கிக்கொண்ட சாரதித் தம்பிதான் முன்னாலிருந்து பதில் சொன்னார். "கல்லறை ஒண்டும் இல்லைச் சுவாமி. விழுந்தவங்களை விழுந்த இடத்திலயே விட்டுட்டு நடந்தாங்களாம். எங்க அப்பாயி சொல்லுவாங்க."

வாசகரே, அந்த நடையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1820களில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறந்தனர். அங்கு வேலை செய்வதற்கு மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்களைக் கங்காணிமார் திரட்டினர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. படகேறித் தலைமன்னாரிலும் அரிப்பு முதலிய கரைகளிலும் இறங்கி, காட்டு வழியே மதவாச்சிக்கு வந்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ நூற்றைம்பது மைல். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. வாந்திபேதி, வைசூரி, மலேரியாக் காய்ச்சல் ஆகியவை வழிநெடுகக் காத்திருந்தன. நடக்கமாட்டாதவரைச் சுமந்து செல்ல ஆளில்லை. 1840களில் மாத்திரம் மாண்டவர் எழுபதினாயிரம் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. இத்தொகை மிகையென்று வாதிடும் சரித்திராசிரியரும் உண்டு. எண்ணிக்கையிற் பிணக்கு உண்டேயன்றி, வழியெங்கும் மனிதர் மடிந்தனர் என்பதில் எவருக்கும் பிணக்கில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பி ஒரு பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினர். அடுத்த பருவத்தில் மீண்டும் வந்தனர். அதாவது, அதே காட்டை மறுபடியும் மறுபடியும் கடந்தனர். வழிச்செலவுக்குக் கொடுத்த முற்பணமோ கடனாக அவர்கள் தலையில் ஏறியது. தோட்டம் மாறும்போது அக்கடனை எழுதிய 'துண்டு' கூடவே போகும். 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு அப்பயிர் அழிந்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே மக்கள் குடும்பங்குடும்பமாக லயங்களிற் குடியேறினர்.

நாலந்தாவுக்கு அப்பால் மலைகள் எழும்பத் தொடங்கின. புல்வெளி மனிதராகிய நண்பர் குதூகலிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம் தேசத்துக் கதையைச் சொன்னார். சமவெளியிலிருந்து மேற்கே போனால் றொக்கி மலைகள் சுவர்போல எழும்புமாம். அவற்றைக் குடைந்து கடல்வரை போகும் புகையிரதப் பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பர் 7இல் அறையப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாப் பகுதி மலைகளில் அதைப் போட உழைத்தவர்களுள் சீனர் மாத்திரம் ஏறத்தாழப் பதினையாயிரம் பேர். குறைந்தது அறுநூறு பேராவது மாண்டனர். பாதை முடிந்த அதே 1885இல், இனி உள்ளே வரும் சீனர் ஒவ்வொருவரும் ஐம்பது டொலர் தலைவரி கட்டவேண்டுமென்று சட்டம் வந்தது; 1903இல் அது ஐந்நூறாயிற்று; 1923இல் கதவே அடைக்கப்பட்டு, 1947வரை அப்படியே இருந்தது. கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்தான். "எங்கள் பாட்டனாரின் கோதுமை அந்தப் பாதையாற்றான் கடலுக்குப் போயிற்று. சிறுவனாக அந்த றெயிலில் எத்தனையோ முறை போனேன். யார் போட்டதென்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

நம் வீட்டில் யார் சொன்னார்கள்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதையொட்டி வடபகுதித் தலைவர்களிடையே உண்டான பிளவும் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு ஒரு காரணம். 1964 ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் அம்மக்களை எண்ணிப் பங்கிட்டன: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சியோரின் பங்கு 1974இல். இவை பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் நமது அடுக்களைகளில் நடந்தது அதில் இல்லை. மலைநாட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து பாத்திரம் கழுவ வைத்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை! அவர்களுட் கத்தோலிக்க வீடுகள் இல்லையா? ஞாயிறு பூசைக்கு வீட்டார் போனபின் அப்பிள்ளை வீட்டைக் காத்தது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நான் முதலிற் கேட்டது எதிரியின் வாயிலன்று, எங்கள் சொந்த விறாந்தையிலே. இதை எழுதக் கூச்சமாயிருக்கிறது. ஆயினும் எழுதாவிட்டால் பாடம் பொய்யாகிவிடும்.

2023இல், அம்மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, யூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கால்நடையாகச் சென்றனர். பத்திரிகைகளில் செய்தி வந்தது. நானும் வாசித்தேன், வாசித்துப் பக்கத்தைப் புரட்டினேன்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவிற் கோபுரம் தெரிந்தபோது சாரதித் தம்பி வானை ஓரமாக நிறுத்தினார். தமது தாத்தா இப்பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர் என்றும், 1977 கலவரத்தின்பின் தகப்பனார் பெண்சாதி பிள்ளைகளோடு வன்னிக்கு ஓடிவந்தார் என்றும் அப்போதுதான் சொன்னார். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன என்று நண்பர் கேட்டார். பன்னிரண்டு வருடங்களில் நான் கேட்காத கேள்வி அது.

கண்டியில் இரண்டு நாள் நின்றோம். பேராதனைப் பூந்தோட்டம், தலதா மாளிகை என்று பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். திரும்பும் வழியில், கிளிநொச்சியில் பிரதான வீதியை விட்டு விலகி, தம்பியின் வீட்டில் இறங்கினோம். முற்றத்தில் முருங்கை நின்றது; தகரக் கூரை, சாணம் மெழுகிய திண்ணை. அவருடைய தாயார் எங்களை உட்காரவைத்துவிட்டுத் தேநீர் வைத்தார். எவ்வளவு காலமாக அவர் மகன் எனக்கு வாகனம் ஓட்டுகிறார்! அம்மா உள்ளேயிருந்து தலையை நீட்டி, "சுவாமி சீனி போடுவீங்களா?" என்று கேட்டார்.