மார்பகப் புற்றுநோயும் கதிரியக்கம் ஏற்றிய மருந்துகளும்: முக்கியக் குறிப்புகள்

• கீமோதெரபி மருந்தின் மூலக்கூறிலேயே ஒரு கதிரியக்க அணுவைச் சேர்த்து, மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்துவர். இது சிகிச்சைக்கான அளவு அல்ல. மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பெட் ஸ்கேன் அல்லது காமா கேமரா காட்டும்.

• கதிரியக்க ஐசோடோப்புகளைச் சுவடறிவான்களாகப் பயன்படுத்தியதற்காக வேதியியல் நோபல் பெற்றவர் ஜார்ஜ் டி ஹெவெசி (1943).

• வழக்கமான பெட் ஸ்கேனில் செலுத்தப்படுவது எஃப்டிஜி. புளூரின்-18 ஏற்றிய, குளுக்கோஸை ஒத்த பொருள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் கட்டி அதில் பளிச்செனத் தெரியும். கட்டி இருக்கும் இடத்தை எஃப்டிஜி காட்டும். கொடுக்கப்போகும் மருந்து அதற்குள் நுழையுமா என்பதைக் காட்டாது. அந்தக் கேள்விக்குத்தான் கதிரியக்கம் ஏற்றிய மருந்து. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றவை எளிது.

• பாக்லிடாக்சல்: பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த கீமோதெரபி மருந்து. அமைப்பை 1971-இல் வெளியிட்ட குழுவின் தலைவர்கள் மன்ரோ வால், மன்சுக் வானி (வானி மகாராஷ்டிராவில் பிறந்தவர்). செல்லின் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். செல் பிரிய முடியாமல் மடியும். இச்செயல்முறையை 1979-இல் விளக்கியவர் சூசன் ஹார்விட்ஸ்.

• மருந்து ஏன் பலிக்காமல் போகிறது? ஒரு முக்கியக் காரணம் பி-கிளைக்கோபுரோட்டீன். செல் சவ்வில் இருக்கும் இந்தப் புரதம், ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு, உள்ளே வந்த மருந்தை பம்பு போல வெளியே இறைத்துவிடும். கண்டறிந்து பெயரிட்டவர்கள் ஜூலியானோ, லிங் (1976). பாக்லிடாக்சலும் இதற்கு இரையாகும். எனவே புளூரின்-18 ஏற்றிய பாக்லிடாக்சல் கட்டியில் தங்குகிறதா, வெளியேறுகிறதா என்று பார்த்தால் மருந்துக்கான எதிர்ப்பை முன்கூட்டியே கணிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களிடம் செய்த முதற்கட்ட ஆய்வு 2011-இல் வெளியானது.

• பலன் தராத மருந்துக்காக முடி உதிர்வு, வாந்தி, நரம்பு மரத்துப்போதல் எல்லாவற்றையும் ஒரு பெண் மாதக்கணக்கில் தாங்க நேர்வது பெருங்கொடுமை. இந்த ஆய்வுகளின் மதிப்பை இங்கே வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

• டெக்னீசியம்-99எம் செஸ்டமிபி: கீமோதெரபி மருந்து அல்ல, ஆனால் பி-கிளைக்கோபுரோட்டீன் இதையும் வெளியேற்றும். இதயப் பரிசோதனையில் பெயர் பெற்றது.

• டிராஸ்டுசுமாப்: கீமோதெரபி அல்ல, ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள். இதில் ஏற்றுவது சிர்கோனியம்-89. எதிர்ப்பொருள் கட்டியை மெதுவாகவே அடையும் என்பதால் சில நாட்கள் கழித்துப் படமெடுப்பர். ஆகவே நீண்ட அரை ஆயுட்காலம் தேவை.

• அரை ஆயுட்காலம்: கார்பன்-11: 20 நிமிடம், புளூரின்-18: 110 நிமிடம், டெக்னீசியம்-99எம்: 6 மணி, சிர்கோனியம்-89: 78 மணி. கார்பன்-11 விரைவில் தேய்வதால், அதை ஏற்றிய டோசிடாக்சல் போன்ற கீமோதெரபி மருந்துகளுக்கு, ஐசோடோப்பைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் மருத்துவமனையிலேயே வேண்டும்.

• வரம்புகள்: மருந்து உடலில் சிதைந்தபின் மிஞ்சும் துண்டுகளும் கதிர்வீசும், கருவிக்கு இரண்டும் ஒன்றே. சிற்றளவில் காணும் போக்கு முழு அளவிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கதிரியக்கம் ஏற்றிய கீமோதெரபி மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

• பெட் ஸ்கேன் பதிவது எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்களை. டெக்னீசியம்-99எம் தரும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தேர்வின் பொருத்துக வினாவில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.